ஐ.டி. கிளம்பும் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்பவை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கேட்டரிங் கல்லூரியில் எஃப் அண்ட் பி சர்வீஸ், அதாவது உணவும் பானமும் பரிமாறும் பாடம் எடுக்கிறேன். வருடா வருடம் ட்ரெயினிங் பட்டியல் ஒட்டிய அன்று ஸ்டாஃப் ரூம் வாசலில் கூட்டம் நிற்கும். பிள்ளைகள் பாதி, பெற்றோர் பாதி. முகங்கள் மாறுகின்றன, கேள்விகள் மாறுவதில்லை. தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

ஐ.டி. என்றால் என்ன? எத்தனை நாள்?

இண்டஸ்ட்ரியல் ட்ரெயினிங். ஊரில் “பையன் ஐ.டி. போறான்” என்றால் கம்ப்யூட்டர் கம்பெனி என்று நினைத்துக் கை குலுக்குகிறார்கள். நாங்களும் திருத்துவதில்லை.

தேசிய ஹோட்டல் மேலாண்மைக் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் இது நெடுங்காலம் 17 வாரமாக இருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கணக்கு மாறும். ஆறு மாதம் போகிறவர்களும் உண்டு. கிச்சன், சர்வீஸ், ஹவுஸ்கீப்பிங், ஃப்ரண்ட் ஆபீஸ் நான்கிலும் சுற்றி வர வேண்டும். லாக் புக் என்ற தினக்குறிப்பு எழுத வேண்டும். ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் அப்ரைசல் என்ற மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

‘சர்வீஸ் ஆட்டிட்யூட்’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அப்படியென்றால் பணிந்து போவதா?

நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். விருந்தோம்பல் என்றதும் மேடையில் அனிச்சப் பூவை எடுத்துவிடுவார்கள். நான் பந்தியிலேயே நிற்கிறேன்.

உங்கள் ஊர்க் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிற பெரியவரைப் பார்த்திருப்பீர்கள். கையில் வாளி கிடையாது, கரண்டி கிடையாது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு வரிசைக்கும் நடுவில் மெதுவாக நடப்பார். மூன்றாவது இலையில் ரசத்துக்குச் சோறு இல்லை என்பது அவர் கண்ணில் படும். அந்த வீட்டு அம்மா வாயைத் திறப்பதற்குள் “இங்க கொஞ்சம் சாதம்” என்று பின்னால் குரல் கொடுப்பார். யாருக்கும் அவர் குனிந்து கும்பிடு போடவில்லை. ஆனால் அவர் நடந்து போன வரிசையில் யாரும் குறையோடு எழுந்திருக்க மாட்டார்கள்.

நான் சொல்லும் மனப்பான்மை அதுதான். எதிரில் இருப்பவருக்கு என்ன தேவை என்று பார்க்கிற கண். பணிவு அதற்குத் துணை, அவ்வளவுதான். சும்மா “யெஸ் சார், யெஸ் சார்” என்று நிற்கிற பையனைக் கெஸ்டுக்கும் பிடிக்காது, பரிமாறுகிறவர்களை மேற்பார்க்கிற கேப்டனுக்கும் பிடிக்காது. காலியான தண்ணீர் டம்ளர் அவன் எதிரிலேயே இருக்கும்.

என் மகனுக்குத் தன்னம்பிக்கையே கிடையாது. நாலு பேர் முன்னால் பேச மாட்டான். தேறுவானா?

தன்னம்பிக்கை என்பதைப் பிறவிக் குணம் போல நினைத்துக்கொள்கிறோம். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் இதை வேறு மாதிரி பிரித்துப் பார்த்தார். ‘இந்த வேலையை என்னால் செய்ய முடியும்’ என்ற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பது, நம்பத்தக்க ஒருவர் சொல்லும் வார்த்தை, அந்த நேரத்தில் உடம்பும் மனமும் இருக்கிற நிலை. இதில் கனமானது முதலாவது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த நம்பிக்கை வேலைக்கு வேலை மாறும் என்பது. மேடையில் பேச நடுங்குகிற பையன் கிச்சனில் நாற்பது முட்டைக்கு அசராமல் ஆம்லெட் போடுவான். கல்லூரி ஆண்டுவிழாவில் மைக் பிடித்த பெண் முதல் நாள் ரிசப்ஷனில் போன் மணி அடித்தால் பக்கத்துப் பெண்ணைப் பார்ப்பாள். அதனால் ‘தன்னம்பிக்கை இருக்கிறதா’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. எந்த வேலைக்கு என்று கேளுங்கள்.

அப்புறம், ட்ரெயினிங்குக்குப் போக அது முன்கூட்டியே இருக்க வேண்டியதில்லை. முன்கூட்டி வேண்டியது மேலே சொன்ன கண்தான். கண் இருக்கிற பிள்ளைக்குச் சின்ன வேலை கொடுப்பார்கள். சின்ன வேலை முடிந்தால் கொஞ்சம் பெரிய வேலை. நம்பிக்கை அந்த வழியில்தான் வந்து சேர்கிறது. என் கணக்கில் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் வந்ததும் இல்லை.

வாங்கிக் கட்டிக்கொள்வது என்றால்? கெஸ்ட் எல்லார் முன்னாலும் கத்தினால் என்ன செய்வது?

என் கதையையே சொல்கிறேன். பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னையில் ஒரு பெரிய ஓட்டலுக்கு ட்ரெயினியாகப் போனேன். இரண்டாவது வாரம். மதிய நேரம், ஆபீஸ்காரர்கள் நிறைந்த ரெஸ்டாரன்ட். சால்வரில், அதாவது உள்ளங்கையில் ஏந்தும் தட்டில், ஆறு கிளாஸ் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஒரு டேபிளுக்குப் போனேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் நல்ல மனுஷர்தான், எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு தட்டின் விளிம்பில் இருந்த கிளாஸைத் தானே எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக் கனம் போனதும் தட்டு மறுபக்கம் சாய்ந்தது. ஐந்து கிளாஸும் அவருடைய நண்பரின் மடியில், மடியில் இருந்த ஃபைல் மேல். நண்பர் எழுந்து நின்று கத்தியது கிச்சன் வரை கேட்டது என்று அப்புறம் சொன்னார்கள். எனக்கு அந்தக் குரல் கேட்கவே இல்லை. தரையில் ஓடிய ஐஸ் கட்டி ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேப்டன் வந்தார். கெஸ்டிடம் மன்னிப்புக் கேட்டார், நாப்கின் கொடுத்தார், ஃபைலைத் தானே துடைத்தார். என்னைக் கெஸ்ட் கண்ணில் படாத பேக் ஏரியாவுக்கு அழைத்துப் போய் ஒரு காலித் தட்டில் ஆறு கிளாஸை அடுக்கச் சொன்னார். ஓரத்துக் கிளாஸை அவர் எடுத்தார். தட்டு ஆடியது. “கெஸ்ட் கை நீட்டறதுக்கு முந்தி நீ எடுத்து வெச்சிடணும். எங்க கனம் இருக்குன்னு உன் உள்ளங்கைக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது” என்றார். அடுத்த நாள் மதியம் அதே டேபிளை என் பெயரில் எழுதினார். கை நடுங்கத்தான் போனேன். சிந்தவில்லை.

அன்று என்னைத் திட்டி ஸ்டோருக்கு அனுப்பியிருந்தால் நான் இன்று சர்வீஸ் பாடம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். என் மாணவி ஒருத்திக்கு வேறோர் ஊரில் அதுதான் நடந்தது. ஒரு தடவை பில்லை டேபிள் மாற்றிக் கொடுத்துவிட்டாள். மீதி நாளெல்லாம் ஸ்பூன் துடைக்கிற வேலை. திரும்பி வரும்போது லாக் புக்கில் பாதிப் பக்கம் வெறுமை. நல்ல பெண், இப்போது ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள்.

சரி, கேட்டதற்குப் பதில். கத்தும்போது காரணம் சொல்லாதீர்கள். ‘அவர்தான் கிளாஸை எடுத்தார்’ என்பது உண்மையாகவே இருந்தாலும் அந்த இடத்தில் எடுபடாது. மன்னிப்புக் கேளுங்கள், சீனியரை அழையுங்கள், தள்ளி நில்லுங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் நீங்களே கேப்டனிடம் போய் “எங்க சார் தப்பு பண்ணேன்?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற ட்ரெயினிக்குத்தான் மறுபடி தட்டு கிடைக்கும்.

எனக்கு இங்கிலீஷ் வராது.

வரும். ரெஸ்டாரன்டில் தேவைப்படுவது ஐம்பது அறுபது வாக்கியங்கள். அதை நாங்கள் சொல்லித்தருகிறோம். மீதி நேரத்தில் நம் ஆட்களை விழுங்குவது இங்கிலீஷ் இல்லை, அதைப் பற்றிய வெட்கம். கெஸ்ட் சொன்னது புரியவில்லை என்றால் சிரித்துத் தலையாட்டிவிட்டு வருவார்கள். கிச்சனுக்குப் போகும் ஆர்டர் சீட்டான கே.ஓ.டி.யில் தப்பான ஐட்டம் ஏறும். அங்கே ஆரம்பிக்கிறது வினை. ஆர்டரைத் திரும்பப் படித்துக் காட்டும் வழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். பெரிய ஓட்டல்களில் அது வழக்கமான முறையே. நீங்கள் திரும்பப் படித்தால் உங்களுக்கு மொழி தெரியாது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். கவனமான ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

“எச்சித் தட்டு எடுக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?” என்கிறார் அப்பா. என்ன சொல்வது?

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வராது. டெல்டாவில் யார் பரிமாறலாம், யார் இலை எடுக்க வேண்டும் என்பதில் சாதி இருந்தது. பல இடங்களில் இன்னும் போகவில்லை. நிலம் இருந்த வீட்டு அப்பாவுக்கு அது கௌரவக் குறைச்சல். தலைமுறையாக இலை எடுத்த வீட்டு அப்பாவுக்கு அது ஆறாத புண். ‘என் பிள்ளையாவது இதிலிருந்து தப்பட்டும்’ என்றுதான் வயலை ஒத்திக்கு விட்டுப் படிக்க வைத்தார். இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள், ஆனால் சொல்வது ஒன்றில்லை.

நான் இருவருக்கும் சொல்வது ஒன்றுதான். ஓட்டலில் தட்டு எடுப்பது எல்லோருடைய வேலை. ஒரே யூனிஃபார்மில் இருக்கிற பத்துப் பேரும் எடுக்கிறார்கள். கூட்ட நேரத்தில் ரெஸ்டாரன்ட் மேனேஜரே எடுப்பார். எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது, எத்தனை தட்டை எந்தக் கையில் அடுக்குவது என்பதற்கெல்லாம் முறை உண்டு, அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. முடிந்தால் ஒரு நாள் கல்லூரி ட்ரெயினிங் ரெஸ்டாரன்டுக்கு அப்பாவைச் சாப்பிடக் கூட்டி வரச் சொல்வேன். மகன் அவருக்குப் பரிமாறி, அவர் தட்டையும் அவனே எடுப்பான். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து அப்பா ஒருவர் அன்று வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது என்னிடம் “அவன் வீட்ல ஒரு டம்ளரைக்கூட நகர்த்த மாட்டான் சார்” என்றார். அது புகாரா பாராட்டா என்று எனக்கு இன்னும் தெரியாது. ட்ரெயினிங் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வருகிற பிள்ளை தட்டைத் தூக்கும்போது முகம் திரும்பியிருக்கும். அது கெஸ்டுக்குத் தெரியும். அதனால் கிளம்புவதற்கு முன் வீட்டில் இதைப் பேசி முடித்துவிட்டு வாருங்கள்.

மூன்று வாரமாகக் கட்லரி துடைக்கச் சொல்கிறார்கள். இதில் என்ன கற்பது?

முதல் மூன்று நாள் கற்கலாம். வெந்நீர், கொஞ்சம் வினிகர், பஞ்சு உதிராத துணி, பிடியைத் தொடாமல் துணியோடு பிடிப்பது, விரல் ரேகை விழாமல் அடுக்குவது. அதற்கு மேல் மூன்று வாரம் என்றால் அது ஆள் பற்றாக்குறை, பயிற்சி இல்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் மனப்பான்மையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற ஓட்டல்கள் தங்கள் மனப்பான்மையையும் கொஞ்சம் பார்க்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது: வேலையை முடித்துவிட்டுக் கேப்டனிடம் போய், குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள். “எனக்கு வேற வேலை குடுங்க” என்றால் கிடைக்காது. “நாளைக்கு பிரேக்ஃபாஸ்ட்ல ரெண்டு டேபிளுக்கு நான் தண்ணி ஊத்தட்டுமா சார்?” என்றால் பெரும்பாலும் கிடைக்கும். ஒரு வாரம் கேட்டும் நடக்கவில்லையா, ட்ரெயினிங் மேனேஜர் இருக்கிறார். அவரும் இல்லையென்றால் எங்களுக்குப் போன் செய்யுங்கள். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

எப்போதும் சிரித்த முகமாக இருக்க முடியவில்லை. ரூமுக்கு வந்தால் அழுகை வருகிறது.

இது பலவீனம் கிடையாது. சம்பளத்துக்காக முகத்தையும் குரலையும் ஒரு மாதிரி வைத்திருப்பதும் உழைப்புதான் என்று 1983-இல் எழுதிக் காட்டியவர் அர்லி ஹோக்ஷீல்டு என்ற சமூகவியலாளர். விமானப் பணிப்பெண்களைக் கவனித்துச் சொன்னார். வெளியே மட்டும் சிரிப்பது ஒரு வகை, உள்ளேயே அந்த உணர்வை வரவழைத்துக்கொள்வது இன்னொரு வகை என்று பிரித்தார். வெளியே மட்டும் சிரிப்பவர் சீக்கிரம் களைத்துப் போவார் என்பதை நான் ஒவ்வொரு பேட்சிலும் பார்க்கிறேன்.

பிரேக் ஷிஃப்ட் வேறு. காலை ஏழிலிருந்து மூன்று, மறுபடி ஏழிலிருந்து பதினொன்று என்று போட்டால் நடுவில் தூங்கவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மனப்பான்மை எங்கிருந்து வரும்? ஸ்டாஃப் கேன்டீனில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பேக் ஏரியாவில் ஐந்து நிமிடம் சிரிக்காமல் உட்காருங்கள், அது குற்றமில்லை. அழுகை வாரக்கணக்கில் நின்றபாடில்லை என்றால் வீட்டிலும் கல்லூரியிலும் சொல்லிவிடுங்கள். தனியாகச் சுமக்க வேண்டாம்.

நம்பிக்கை அதிகமாக இருந்தால் நல்லதுதானே?

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாத வரைக்கும். ‘இதில் வேர்க்கடலை இருக்கிறதா’ என்று ஒருவர் கேட்டால், நிச்சயமாகத் தெரியாமல் “இல்லை மேடம்” என்று சொல்லிவிடாதீர்கள். அலர்ஜி உள்ளவருக்கு அது உயிர் விஷயம். “செஃபைக் கேட்டுச் சொல்கிறேன்” என்று உள்ளே போங்கள். வாய்ச்சாமர்த்தியம் உள்ள பையன்களிடம்தான் இந்த ஆபத்து அதிகம்.

டெல்டாவிலேயே ட்ரெயினிங் பார்க்கலாமா, சென்னை பெங்களூர்தான் போகணுமா?

பெரிய நகரத்தில் முறைகள் கற்கலாம். ஆயிரம் பேர் சாப்பிடும் பேங்க்வெட் விருந்து எப்படி நகர்கிறது என்பதை இங்கே அடிக்கடி பார்க்க முடியாது. ஆனால் இங்கே ஆட்கள் குறைவு, அதனால் இரண்டாவது நாளே கெஸ்ட் எதிரில் நிற்பீர்கள்.

நம் பக்கத்துக் கெஸ்டும் வேறு தினுசு. நவக்கிரகச் சுற்றுலா வருகிறவர்கள் விடிகாலையிலேயே கிளம்புவார்கள். சாமி பார்க்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர்கள் உண்டு, வெங்காயம் பூண்டு கூடாதவர்கள் உண்டு. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. ஜனவரி வாக்கில் திருவையாறு ஆராதனை. தஞ்சைப் பெரிய கோயில் 1987-இலும், தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-இலும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. அவற்றைப் பார்க்க வெளிநாட்டுக் குழுக்கள் வருகின்றன. கும்பகோணம் மகாமகம் 12 வருடத்துக்கு ஒரு தடவை. 2016-இல் நடந்தது, அடுத்தது 2028. 

இங்கே பிறந்த பிள்ளைக்கு இன்னொரு வசதி உண்டு. அதை அவர்களே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. திருவையாற்றுப் பெண் ஒருத்தி தஞ்சாவூரில் ஃப்ரண்ட் ஆபீஸில் ட்ரெயினியாக இருந்தாள். பத்து நாள் சாவி கொடுப்பதும் வாங்குவதும் தவிர வாய் திறக்கவில்லை. மே மாதம். வெளிநாட்டுத் தம்பதி வந்து, ‘காவிரி காவிரி என்கிறீர்களே, பாலத்துக்குக் கீழே மணல்தானே இருக்கிறது’ என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்தவருக்குப் பதில் தெரியவில்லை. இவள் பேச ஆரம்பித்தாள். மேட்டூர் அணை, ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம், தண்ணீர் வந்து சேர நாளாகும், வந்ததும் குறுவை நடுவார்கள், தண்ணீர் தாமதித்தால் அப்பா சம்பாவுக்குக் காத்திருப்பார் என்று. இலக்கணம் பாதி வழியில் விழுந்துவிட்டது. வரைபடத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் ஆறு எங்கே பிரிகிறது என்று வரைந்தே காட்டினாள். மறுநாள் சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறைக்கு வழி கேட்டு அவர்கள் நேராக அவளிடம்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு அவள் போன் மணிக்குப் பக்கத்துப் பெண்ணைப் பார்க்கவில்லை.

மகளைத் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. தங்கும் இடம், இரவு ஷிஃப்ட் முடிந்தால் வண்டி, யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நாங்களும் கேட்கிறோம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ட்ரெயினிகளுக்கும் பொருந்தும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181. ‘கெஸ்ட் சொன்னால் கேட்கணும்’ என்ற பாடம் இங்கே செல்லாது. அறைக்குள் கூப்பிட்டால், தொட்டால், வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். அதற்காக எந்த மதிப்பெண்ணும் குறையாது, குறைக்க விட மாட்டேன்.

ஸ்டைபண்ட் என்ற உதவித்தொகை தருவார்களா?

சில இடங்களில் தருவார்கள், சில இடங்களில் சாப்பாடும் தங்குமிடமும் மட்டும். சேருவதற்கு முன் கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

லாக் புக்கில் தினமும் என்ன எழுதுவது?

பல பேர் “இன்று நிறையக் கற்றுக்கொண்டேன்” என்று எழுதி வைக்கிறார்கள். என்ன என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று வரி போதும்: என்ன செய்தேன், எங்கே சொதப்பினேன், நாளைக்கு எதைக் கேட்டு வாங்கப் போகிறேன். வலங்கைமான் பக்கத்துப் பையன் ஒருவன் எழுதியதை ஒவ்வொரு பேட்சுக்கும் படித்துக் காட்டுகிறேன்:

“6-ஆம் டேபிள். பாட்டிக்கு ரசம் காரம், முகம் சுழித்தது. கேக்கறதுக்கு முந்தி தயிர் கொண்டு போனேன். கேப்டன் பார்த்தார், ஒன்னும் சொல்லல. தட்டு எடுக்கும்போது ஸ்பூன் ஒன்னு கீழ விழுந்துச்சு. நாளைக்கு 6, 7 ரெண்டும் கேக்கணும்.”

அடுத்த நாள் பக்கத்தில் “6, 7, 8” என்று மட்டும் இருக்கிறது. வேறு எழுத நேரமில்லை போல.